ஐப்பசிக் கொடுவா: திருமலையில் எதைப் பார்த்துவிட்டுத் தூண்டிலோடு கிளம்புவது?

கென்ற் கரை · ஒக்டோபர் 2

வணக்கம். நான் இங்கிலாந்தில், கென்ற் பக்கம். செப்டெம்பர் தொடங்கி நவம்பர் கடைசி மட்டும் டஞ்ஜனெஸ் கூழாங்கல் கரையில் பாஸ் மீனுக்குத் தூண்டில் போடுவதுதான் பொழுதுபோக்கு, வீட்டுக்காரி அதை வியாதி என்பாள். இந்த முறை ஒக்டோபர் நடுவில் அம்மாவைப் பார்க்கத் திருமலைக்கு, அதாவது திருகோணமலைக்கு, வருகிறேன், உவர்மலையில் வீடு, நவம்பர் முதல் கிழமை கழியும் வரை நிற்பேன். றொட் ஒன்றைப் பெட்டிக்குள் செருகியாயிற்று.

இங்கே கிளம்புவதற்கு முன் நான் பார்ப்பது: தென்மேற்குக் காற்று இரண்டு மூன்று நாள் பலமாக அடித்துக் கடலைக் கலக்கியிருக்க வேண்டும், பிறகு விழத் தொடங்க வேண்டும், அமாவாசையையோ பறுவத்தையோ ஒட்டிய பெரிய வற்றுப்பெருக்கு (கடல் ஏறி இறங்குவது) வேண்டும், அந்தப் பெருக்கு ஏறுவது இருட்டோடு பொருந்த வேண்டும். அமுக்கமானி இறங்கிக்கொண்டிருந்தால் இன்னும் சந்தோஷம். குளிர் இறுகுவதற்கு முன் பாஸ் கரையோரம் வந்து வயிறு நிரப்பிக்கொள்கிற காலம், அதனால் இந்தக் கணக்கு பெரும்பாலும் பொய்க்காது.

அங்கே கொடுவாவுக்கும் இதே கணக்கு சரிவருமா? எந்தச் செயலி பார்க்கிறீர்கள்?

தங்கூசி · ஒக்டோபர் 2

சரிவராது தம்பி. முதலாவது காற்று. உங்களுக்குத் தென்மேற்கு என்றால் கடலிலிருந்து கரைக்கு வருகிற காற்று. எங்களுக்கு அது கச்சான், கரையிலிருந்து கடலுக்குப் போகிற காற்று. மே தொடங்கி செப்டெம்பர் மட்டும் அதுதான் அடிக்கும், நிலாவெளி, உப்புவெளி எல்லாம் அந்த நேரம் கண்ணாடி போலக் கிடக்கும், வெள்ளைக்காரர் குளிப்பார்கள், கரைவலைக்காரர் வளைப்பார்கள். நமக்கு அது கொடுவாக் காலம் அல்ல. ஒக்டோபரில் கச்சான் செத்துவிடும். வடகிழக்கு வாடை இன்னும் எழும்பியிருக்காது. நடுவில் ஒரு ஐந்தாறு கிழமை காற்றுக்கு ஒரு திசை இல்லை, காலையில் நிலக்காற்று, பத்துப் பதினொரு மணிக்குப் பிறகு கடற்காற்று, பின்னேரம் இடி. நீங்கள் வந்து நிற்கப்போவது சரியாக அந்த நடுவில்தான்.

அதனால் "இரண்டு நாள் அடித்து ஓயட்டும்" என்று காத்திருந்தால் விடுமுறை முடிந்துவிடும். இங்கே மீனை அசைப்பது மழைத்தண்ணீர். ஆறு எப்போது இறங்குகிறது, எவ்வளவு இறங்குகிறது, எந்த நிறத்தில் இறங்குகிறது, அதைப் பாருங்கள்.

விண்டிப் பைத்தியம் · ஒக்டோபர் 2

அண்ணை சொல்வது சரி, ஆனால் அமுக்கத்தை விட்டுவிடாதீர்கள். என் கைக்கடிகாரத்தில் அமுக்கமானி இருக்கிறது. பத்து மணிக்குப் பிறகு இறங்கத் தொடங்கிப் பின்னேரம் மூன்று நான்கு மணிக்கு ஆகக் குறைவாக வந்து நிற்கும். அப்படி இறங்கின நாட்களில் பொழுதுபடும் நேரம் கட்டாயம் கடி இருக்கும்.

தங்கூசி · ஒக்டோபர் 3

தம்பி, அது எந்த நாள் இறங்காமல் இருந்தது? நம் அகலக்கோட்டில் அமுக்கம் தினமும் இரண்டு தரம் ஏறி இரண்டு தரம் இறங்கும், காலை பத்துக்கும் இரவு பத்துக்கும் உச்சம், விடிய நாலுக்கும் பின்னேரம் நாலுக்கும் தாழ்வு, வித்தியாசம் மூன்று மில்லிபார் அளவு. சூரியன் காற்றுமண்டலத்தைச் சூடாக்குவதால் வருகிற ஒழுங்கு அது, வானிலை மாறுகிறது என்று அர்த்தம் இல்லை. இங்கிலாந்தில் ஒரு புயல் கடந்துபோக அமுக்கம் இருபது முப்பது மில்லிபார் விழும், அங்கே இந்த மூன்று கண்ணுக்கே தெரியாது. பொழுதுபடக் கடிக்கிறது என்றால் பொழுதுபடுவதால் கடிக்கிறது.

பார்க்கத்தான் வேண்டும் என்றால் நேற்றுக் காலை பத்து மணியையும் இன்றைக்குக் காலை பத்து மணியையும் ஒப்பிடுங்கள். ஒரே மணிக்கு ஒரே மணி. அதில் மூன்று நான்கு மில்லிபார் குறைந்திருந்தால் வங்காள விரிகுடாவில் ஏதோ சமைகிறது.

விண்டிப் பைத்தியம் · ஒக்டோபர் 3

அட. சரி, இனி அப்படியே பார்க்கிறேன் 😀

ஆனால் வற்றுப்பெருக்கு விஷயத்தில் நான் சொல்வதை யாரும் மறுக்க முடியாது. கென்ற் அண்ணா, இங்கே அதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். பிரிஸ்டல் கால்வாய்ப் பக்கம் பத்து மீற்றருக்கு மேல் ஏறி இறங்கும் என்று படித்திருக்கிறேன். திருமலையில் அமாவாசைக்குக்கூட அரை மீற்றரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். முழங்கால் அளவு தண்ணீருக்கு அட்டவணை எதற்கு?

கிண்ணியாப் பாலம் · ஒக்டோபர் 3

நான் மறுக்கிறேன் தம்பி.

திறந்த கரையில், உப்புவெளியில் நின்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் எங்கள் கிண்ணியாப் பாலத்தடிக்கு ஒருநாள் வந்து பாருங்கள். தம்பலகாமக் குடா முழுக்க நிரம்புவதும் வடிவதும் அந்த ஒரு வாயால்தான். உயரம் அரை மீற்றர்தான், அகலம் எவ்வளவு? அவ்வளவு தண்ணீரும் பாலத் தூண்களுக்கு நடுவால் போக வேண்டும். வத்து, அதாவது தண்ணீர் வடிகிற ஓட்டம், நல்லாக இழுக்கிற நேரம் இரண்டு அவுன்ஸ் ஈயம் அடியில் நிற்காது, உருண்டுகொண்டே போகும்.

கொடுவா நீரோட்டத்துக்குள் நிற்காது. தூணுக்குப் பின்னால், நிழலும் வெளிச்சமும் சந்திக்கிற கோட்டில், தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். இறால் வெளிச்சத்துக்குள் மிதந்து வருகிற நேரம் ஒரு சத்தம் கேட்கும், 'டொப்' என்று, தண்ணீருக்குள் யாரோ வெறும் போத்தலைத் திறந்த சத்தம். ஓட்டம் நின்றுவிட்டால் அந்தச் சத்தமும் நின்றுவிடும். வத்துத் தொடங்கி முதல் இரண்டு மணித்தியாலம், அதுவும் இருட்டில் விழுந்தால், நான் வீட்டில் சாப்பாட்டுக்கும் நிற்க மாட்டேன்.

ஒரு விஷயம், அட்டவணையில் போட்டிருக்கிற நேரம் துறைமுகத்துக்கு. பாலத்தடியில் தண்ணீர் திரும்புவது அதற்குப் பிந்தி. எவ்வளவு பிந்தி என்பது மழையைப் பொறுத்து மாறும், கந்தளாய்க் குளத்தின் வான்கதவு திறந்துவிட்டால் பெருக்கு நேரத்திலும் தண்ணீர் வெளியேதான் போகும்.

கென்ற் கரை · ஒக்டோபர் 4

இது எனக்கு நன்றாகப் புரிகிறது, இங்கே கழிமுகப் பாலங்களிலும் பாஸ் இதே மாதிரி நிழற்கோட்டில்தான் நிற்கும்.

அப்படியானால் மழை. எந்த மழையைப் பார்ப்பது? திருமலையில் பெய்வதையா, மலைநாட்டில் பெய்வதையா?

மூதூர் இறங்குதுறை · ஒக்டோபர் 5

இந்தக் கேள்விக்கு நான் வருகிறேன், ஏனென்றால் மகாவலி கங்கை எங்கள் வீட்டுப் பக்கமாகத்தான் கடலுக்கு இறங்குகிறது. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலைநாட்டில் மழை என்று செய்தியில் கேட்டவுடன் ஓடிவர வேண்டாம். மேலே விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை என்று வரிசையாக அணைகள் இருக்கின்றன. செப்டெம்பர் கடைசியில் அவற்றில் இடம் கிடக்கும், முதல் மழையை எல்லாம் அவையே குடித்துவிடும். அந்த அணைகளுக்குக் கீழே பெய்கிற மழையும் அம்பன் கங்கை கொண்டுவருவதும்தான் ஐப்பசியில் எங்களிடம் முதலில் வந்து சேரும், அதிலும் அம்பன் கங்கையில் இப்போது மொரகஹகந்தை அணை நிற்கிறது. நீர்ப்பாசனத் திணைக்களம் ஆற்று மட்டங்களை வெளியிடுகிறது, அதில் மனம்பிட்டி என்று ஒன்று இருக்கும், அம்பன் கங்கை சேர்ந்த பிறகுள்ள அளவுமானி. எனக்கு அந்த ஒரு எண் போதும். அது மெல்ல மெல்ல ஏறினால் நல்லது. ஒரே இரவில் பாய்ந்து ஏறினால் மீன்பிடியை மறந்துவிட்டு மாட்டை மேட்டுக்கு ஏற்றுகிற வேலையைப் பார்க்க வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சரி, மெல்ல ஏறுகிற தண்ணீருக்கு வருகிறேன். முதல் நாள் தேயிலைச் சாய நிறத்தில் வரும், அதோடு ஆகாயத்தாமரைக் கும்பங்கள், வாழைத்தண்டு, பிளாஸ்டிக் போத்தல். இந்த நேரம் நூல் போட்டால் செடிதான் மாட்டும், ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கூடை குப்பை. அடுத்து மண் கலர். கையை முழங்கை வரை விட்டு விரல் தெரியாவிட்டால் கடி இல்லை, இது என் அளவுகோல், விஞ்ஞானம் கேட்க வேண்டாம். பிறகு மழை ஓய்ந்து மண் படியத் தொடங்கும்போது கொட்டியாரக் குடாவுக்குள் ஒரு கோடு விழும். ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் பச்சை, நடுவில் நுரையும் சருகும் நாணல் துண்டும் நேர்கோட்டில் கிடக்கும். ஆற்றுத்தண்ணீர் லேசானது, உப்புத்தண்ணீருக்கு மேலே ஏறி ஓடும், மேலே பழுப்பாக இருந்தாலும் ஒரு பாகம் (ஆறடி) கீழே பச்சைத் தண்ணீர் நிற்கும். மணலை மீன் குஞ்சும் இறாலும் அந்தக் கோட்டோடு ஒதுங்கும். கொடுவா கீழே பச்சையில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தக் கோடு எங்கே விழும் என்பதைத்தான் காற்று தீர்மானிக்கிறது. கடற்காற்று அடித்தால் கோடு கரைக்கு ஒட்டி வரும், எறிகிற தூரத்துக்குள். நிலக்காற்று தள்ளினால் குடா நடுவுக்குப் போய்விடும், வள்ளம் இல்லாதவனுக்கு எட்டாது. அதனால்தான் ஐப்பசியில் கரையில் நிற்பவனுக்கு விடியற்காலையைவிடப் பின்னேரம் நல்லது என்பேன்.

கிண்ணியாப் பாலம் · ஒக்டோபர் 5

மூதூருக்கு அது சரி காக்கா. பாலத்தடிக்கு விடிய நாலரைதான், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

விண்டிப் பைத்தியம் · ஒக்டோபர் 6

செயலியைப் பற்றிக் கேட்டிருந்தார், ஒருவரும் சொல்லவில்லை. விண்டி என்கிற காற்றுச் செயலியில் வானிலைக் கணிப்பு மாதிரியை மாற்றிப் பாருங்கள், ஐரோப்பிய மாதிரிக்குக் கட்டம் 9 கிலோமீற்றர், அமெரிக்க ஜி.எஃப்.எஸ்ஸுக்கு 13. இரண்டும் ஒன்றாகச் சொன்னால் காற்றை நம்பலாம். வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் நம்ப வேண்டாம்.

உள்துறைமுகத்துக்குள் அலை எவ்வளவு என்று அதில் தேடாதீர்கள், அந்தக் கட்டத்துக்குள் துறைமுகமே அடங்கிவிடும். வெளிக்கடலில் அலை உயரம் 1.5 மீற்றர் என்று போட்டிருந்தால் அது பெரிய அலைகளின், அதாவது உயரத்தில் மேல் மூன்றிலொரு பங்கின் சராசரி. அன்றைக்கே இடையிடையே அதன் இரட்டிப்புக்குக் கிட்டவும் ஒன்று வரும். கோணேசர் மலைக்குக் கீழே கற்பாறையில் நிற்கலாம் என்று நினைப்பவர்கள் இதை இரண்டு தரம் படிக்கவும். அங்கே கரையோடேயே ஆழம், அலை முன்கூட்டி உடைந்து தன்னைக் காட்டிக்கொடுக்காது, பாறைக்கு வந்துதான் எழும்பும்.

இன்னொன்று, செயலி நொட்டில் காட்டும், வளிமண்டலவியல் திணைக்களம் கிலோமீற்றரில் சொல்லும். 15 நொட் என்றால் 28 கிலோமீற்றர் அளவு. "செயலி 15 சொல்லுது, திணைக்களம் 30 சொல்லுது, ஒன்று பொய்" என்று போன வருஷம் இங்கேயே ஒரு சண்டை நடந்தது.

மழையைச் செயலி நேரத்தோடு சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். இந்த மாதத்து இடிமழை எந்த ஊர் மேல் எத்தனை மணிக்குக் கொட்டும் என்று ஒரு மாதிரிக்கும் தெரியாது. திணைக்களம் "பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் பல இடங்களில் இடியுடன் கூடிய மழை" என்று போடும், அது பொதுவாக இருக்கிறது என்று எல்லோரும் சிரிப்பார்கள், ஆனால் அதைவிடக் கூடச் சொல்பவன் ஊகிக்கிறான்.

தங்கூசி · ஒக்டோபர் 6

இடி பற்றி ஒரு வார்த்தை, அது விளையாட்டு அல்ல. காபன் றொட் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். வெட்டவெளிக் கரையில் நீங்கள்தான் ஆக உயரம், கையில் அதைவிட உயரமாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். மின்னலைக் கண்டதும் எண்ணுங்கள், மூன்று செக்கன் ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் இடி கேட்டால் பத்து கிலோமீற்றருக்குள் நிற்கிறது, றொட்டைக் கீழே வைத்துவிட்டுக் கூரைக்குக் கீழே போங்கள். மேற்கே, கந்தளாய்ப் பக்கம் முகில் கருத்துத் தலை விரிந்தால் எண்ணிக்கொண்டு நிற்கவும் வேண்டாம்.

கென்ற் கரை · ஒக்டோபர் 22

வந்து சேர்ந்தேன். மனம்பிட்டி மட்டம் மூன்று நாளாக மெல்ல ஏறி நேற்று நின்றுவிட்டது. பின்னேரம் மூதூர்க் கரைக்குப் போனேன், அந்தப் பழுப்புப் பச்சைக் கோடு சொன்னபடியே கிடந்தது, எறிகிற தூரத்துக்கு ஒரு இருபது முப்பது யார் அப்பால்! கடற்காற்று நாலு மணிக்கே படுத்துவிட்டது. கடைசியில் உப்பாற்றுப் பாலத்துக்குக் கீழே சின்னச் செம்பல்லி ஒன்று.

கொண்டுவந்த போலி இரைகள் எல்லாம் வெள்ளியும் நீலமுமாக இருக்கின்றன, பாஸுக்கு வாங்கினவை. இந்தத் தண்ணீருக்கு என்ன நிறம்?

மூதூர் இறங்குதுறை · ஒக்டோபர் 22

பொன்னிறம், இல்லாவிட்டால் கறுப்பு. கறுப்பு என்றால் சிரிப்பார்கள், கலங்கலில் கீழே இருந்து பார்க்கிற மீனுக்கு வானத்துக்கு எதிரே தெரிவது கறுப்புத்தான். நிறத்தைவிட நடுங்குகிற வால் முக்கியம். மெதுவாக இழுங்கள், நீங்கள் நினைப்பதில் பாதி வேகம். கொளுவியின் முனையில் தடித்த தங்கூசி (நைலோன் நூல்) போடுங்கள், கொடுவாவின் செவுள் மூடி ஓரம் மெல்லிய நூலை அறுத்துவிடும், கையையும்தான்.

கரையில் தண்ணீருக்குள் இறங்கி நின்றீர்களா? இறங்க வேண்டாம். கங்கை வாயில் முதலை இருக்கிறது. வெள்ளம் வரும்போது அதுவும் இடம் மாறும்.

அமைதிக்கடல் · ஒக்டோபர் 23

இவ்வளவு கணக்கும் பார்த்துச் செம்பல்லி ஒன்று. எங்கள் பெரியப்பா சந்தைக்குப் போகிற வழியில் கைத்தங்கூசியைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து கொடுவாவோடு போவார்.

தங்கூசி · ஒக்டோபர் 23

பெரியப்பா எந்த மாதத்தில் எந்தத் தொடுவாயில் (கழிமுகத்தில்) போட்டார் என்று கேட்டுப் பாருங்கள். அவர் தலைக்குள் இருக்கிற அட்டவணை எங்களுடையதைவிட நீளம்.

கென்ற் கரை · நவம்பர் 3

இன்றைக்குக் காலை பத்து மணி அமுக்கம் நேற்றைய பத்து மணியைவிட நான்கு மில்லிபார் குறைவு. காற்று வடக்கிலிருந்து வருகிறது. வெயில் இல்லை, மழையும் இல்லை, ஒரு மாதிரி மூடிக் கிடக்கிறது. போகலாமா?

தங்கூசி · நவம்பர் 3

காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். இடது கைப் பக்கம் தாழமுக்கம். வடக்கிலிருந்து வருகிறது என்றால் மையம் கிழக்கே, கடலில் நிற்கிறது. திணைக்களத்தின் அறிவித்தலில் "காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக" என்று தொடங்குகிற வரி இருக்கிறதா என்று பாருங்கள், அதில் 60 கிலோமீற்றருக்கு மேல் ஏதாவது போட்டிருந்தால் வீட்டில் இருந்து அம்மாவோடு கதையுங்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருமலைக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவேதான் கரை ஏறியது. முதல் நாள் பகல் இப்படித்தான் மூடிக் கிடந்தது.

அமுக்கம் ஒரு மில்லிபார் விழக் கடல் ஒரு சென்றிமீற்றர் ஏறும், அது சின்னக் கணக்கு. காற்று தள்ளி ஏற்றுகிற தண்ணீர்தான் பெரியது. நவம்பர், டிசம்பரில் இந்தக் கரையில் கடல்மட்டமும் வருஷத்தின் மற்ற மாதங்களைவிடக் கொஞ்சம் உயர்ந்துதான் நிற்கும். அட்டவணை வத்து என்று சொல்கிற நேரம் கால் நனைந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

விண்டிப் பைத்தியம் · நவம்பர் 3

இரண்டு மாதிரியும் மையத்தை வடமேற்காகத் தமிழ்நாட்டுப் பக்கம் கொண்டுபோகின்றன. எங்களுக்கு நாளை மறுநாள் காற்று மேற்குக்குத் திரும்பி விழும். அறிவித்தலில் 40 முதல் 50 என்றுதான் இருக்கிறது. நாளை வேண்டாம், நாளை மறுநாள் விடியப் பார்க்கலாம் என்பது என் கருத்து, தங்கூசி அண்ணை என்ன சொல்கிறாரோ.

தங்கூசி · நவம்பர் 3

நாளை மறுநாள் சரி. திறந்த கரை வேண்டாம், வெளியே அலை இன்னும் படுத்திருக்காது. உள்ளே, கிண்ணியாவில்.

கென்ற் கரை · நவம்பர் 4

பாலத்தடி அண்ணா, நாளை நீங்கள் நிற்பீர்களா? எனக்கு இந்தத் தடவை கடைசிச் சந்தர்ப்பம். கந்தளாய் வான்கதவு பற்றி ஏதும் அறிவித்தார்களா?

கிண்ணியாப் பாலம் · நவம்பர் 4

இதுவரை திறக்கவில்லை. மழை மேற்கே குறைவு, தண்ணீர் சாயநிறத்தில்தான் இருக்கிறது, குப்பை இல்லை. வத்து அட்டவணைப்படி மூன்றரைக்குத் தொடங்கும், பாலத்தடியில் நாலேகாலுக்கு மேல் இழுக்கும் என்று நினைக்கிறேன். நாலு மணிக்குக் கிண்ணியாப் பக்கக் கரையில், மூன்றாவது விளக்குக்கு நேரே நிற்பேன். சீனன்குடா வழியாக வந்தால் அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல் எடுக்கும், கடற்படைச் சாவடியில் கேட்டால் மீன்பிடிக்க என்று சொல்லுங்கள், அடையாள அட்டையோ பாஸ்போட்டோ கையில் இருக்கட்டும். உயிர் இறால் நான் கொண்டுவருகிறேன், அந்த வெள்ளி நீலப் பெட்டியையும் எடுத்து வாருங்கள், என் மகன் பார்க்க வேண்டுமாம். ஒரு முழத்துக்கு நல்லாக மேலே வருகிற கொடுவாவை நான் திருப்பி விட்டுவிடுவேன், கொடுவா ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறுகிற மீன், பெரியது எல்லாம் முட்டைத்தாய். உங்களுக்கு வீட்டுக்கு ஒன்று வேண்டுமென்றால் நடுத்தரமாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

தூறினால் வாருங்கள். இடித்தால் வர வேண்டாம், மூன்றரைக்கு ஒரு மெசேஜ் போடுகிறேன்.